கோலாலம்பூர் கொலையும் ஹாலிவுட்டின் ‘கடித’மும்

கோலாலம்பூரில் இன்று ஜாலான் துன் எச்.எஸ். லீ என்று அழைக்கப்படும் தெருவுக்கு ஆங்கிலேயர் காலத்தில் ஹை ஸ்ட்ரீட் என்று பெயர். தைப்பூசத்தையொட்டி வெள்ளி ரதம் பத்துமலை நோக்கிப் புறப்படும் மகா மாரியம்மன் ஆலயம் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் பழைய வளாகமும் இதே தெருவில், கிள்ளான் ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஆலயத்தோடும் பள்ளியோடும் சேர்த்துச் சொல்லப்படும் பெயர் தம்புசாமிப் பிள்ளை. பள்ளியைத் தொடங்க முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அவர் 1902ல் மறைந்தார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளி வளாகத்தின் தலைமையாசிரியர் பங்களாவில் ஒரு கொலை நடந்தது. ஹாலிவுட் பேசத் தொடங்கிய முதல் ஆண்டுகளிலேயே அந்தக் கொலை படமானது. அதே கதையை ஹாலிவுட் திரும்பத் திரும்ப எடுத்தது.

நம் ஊரில் நடந்த ஒன்றுதான் அந்தப் படங்களின் மூலம் என்பது மலேசியத் தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை வெள்ளைக்காரர் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. ஒரு பெண்ணின் பெயர் கெடுவது என்றால் என்ன, யாருடைய பெயருக்கு நீதிமன்றமும் திரையும் இடம் கொடுக்கின்றன, யாருடைய பெயர் கணக்கிலேயே வராமல் போகிறது என்பதையெல்லாம் இந்த ஒரு கதையின் வழியாகப் பார்க்க முடியும்.

முதலில் வழக்கு. 1911 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை. பள்ளியின் தற்காலிகத் தலைமையாசிரியர் வில்லியம் பிரவுட்லாக் அன்றிரவு சக ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தார். பங்களாவில் அவர் மனைவி எத்தெல் இருந்தார். மாலையில் தேவாலயத்துக்குப் போய் வந்தவர் அவர். ஈயச் சுரங்கம் ஒன்றில் மேலாளராக இருந்த வில்லியம் ஸ்டீவர்ட், நண்பர்களோடு இருந்தவர், நேரமாகிவிட்டது என்று எழுந்து மழையில் ரிக்‌ஷா ஏறி அங்கே வந்தார். ரிக்‌ஷாக்காரரைக் காத்திருக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வராந்தாவிலிருந்து தடுமாறி இறங்கிய மனிதரையும், கையில் ரிவால்வரோடு பின்னாலேயே வந்த பெண்ணையும் அந்த ரிக்‌ஷாக்காரர் பார்த்தார். ஆறு குண்டுகளும் தீர்ந்திருந்தன.

தன்னைப் பலாத்காரம் செய்ய வந்தவரிடமிருந்து தற்காத்துக்கொள்ளவே சுட்டதாக எத்தெல் சொன்னார். முதல் இரண்டு குண்டுகளுக்குப் பிறகு தனக்கு எதுவும் நினைவில்லை என்றார். கூட்டரசு மலாய் மாநிலங்களில் அப்போது ஜூரி முறை இல்லை. ஒரு நீதிபதியும் இரண்டு அசெசர்களும் அமர்ந்து ஜூன் மாதத்தில் விசாரித்தார்கள். தற்காப்புக்கு ஒரு குண்டு போதும், இரண்டு போதும், விழுந்து கிடப்பவர் மீது எதற்கு மற்றவை என்பதுதான் அரசுத் தரப்பின் கேள்வி. கேள்வி அதுவாக இருந்தாலும் விசாரணை நடந்தது வேறொன்றின் மீது. அன்றிரவு அவர் என்ன உடை உடுத்தியிருந்தார்? கணவர் இல்லாத நேரம் ஸ்டீவர்டுக்கு எப்படித் தெரிந்தது? இருவருக்கும் முன்பழக்கம் உண்டா? அவர் உயிர் தப்ப வேண்டுமானால் அவர் களங்கமற்றவர் என்று நிரூபணமாக வேண்டியிருந்தது. கொலைக் குற்றச்சாட்டு நிற்க வேண்டுமானால் இறந்தவர் அவருடைய கள்ளக்காதலர் என்ற சந்தேகம் வலுக்க வேண்டியிருந்தது. ஸ்டீவர்ட் ஒரு சீனப் பெண்ணோடு வாழ்ந்துவந்தார் என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

தீர்ப்பு, குற்றவாளி. தண்டனை, தூக்கு. எத்தெல் புடு சிறையில் அடைக்கப்பட்டார். அதன் பிறகு ஐரோப்பியச் சமூகம் திரண்டது. மனுக்கள் போயின. வெள்ளைக்காரப் பெண் ஒருவரை ஆசியர்கள் பார்க்கத் தூக்கிலிடுவதா என்ற அச்சம் அந்த மனுக்களின் அடியில் ஓடியது. ஜூலை மாதத்தில் சிலாங்கூர் சுல்தான் சுலைமான் ஷா அவருக்கு மன்னிப்பு அளித்தார். அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஒரு மலாய் ஆட்சியாளரின் கையெழுத்துதான் அந்த ஆங்கிலப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றியது. பின்னால் வந்த எந்தத் திரைப்படத்திலும் இந்த உண்மைக்கு இடம் கிடைக்கவில்லை.

பத்தாண்டுகள் கழித்து, 1921ல், சாமர்செட் மாம் மலாயாவுக்கு வந்தார். கேட்ட கதைகளை எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். 1926ல் வெளிவந்த ‘தி கேஷுவரினா ட்ரீ’ தொகுப்பில் ‘தி லெட்டர்’ என்ற கதையாக இந்த வழக்கு வந்தது. உணவு கொடுத்து உபசரித்த தங்களையே எழுதிவிட்டார் என்று மலாயாவின் துரைமார்களுக்கு அவர்மேல் நெடுநாள் கோபம் இருந்தது. மாம் செய்த மாற்றங்கள் மூன்று. பள்ளி பங்களாவை ரப்பர் தோட்டத்துப் பங்களா ஆக்கினார். விசாரணையைச் சிங்கப்பூருக்கு மாற்றினார். உண்மை வழக்கில் இல்லாத ஒரு கடிதத்தைப் படைத்தார். நாயகி லெஸ்லி, கொலையுண்டவனை அன்றிரவு வரச்சொல்லித் தன் கைப்பட எழுதிய கடிதம் அது. அது இறந்தவனின் சீனத் துணைவியிடம் இருக்கிறது. வழக்கறிஞரின் ஏற்பாட்டில் அது பெருந்தொகை கொடுத்து வாங்கி மறைக்கப்படுகிறது. லெஸ்லி விடுதலை ஆகிறாள். கோலாலம்பூர் நீதிமன்றம் சந்தேகமாக விட்டதை மாம் உறுதியாக்கினார். பெண் பொய் சொன்னாள், காதலனைத்தான் கொன்றாள் என்று முடிவு கட்டினார். கதையாகப் பார்த்தால் இது அபாரமான கட்டுமானம். ஆனால் எத்தெல் பிரவுட்லாக் என்ற உயிருள்ள பெண்ணின் பெயர் இதன் பிறகு மீளவே இல்லை. ஒரு கற்பனைக் கடிதம் அவருக்கு எதிரான நிரந்தரச் சாட்சியாகிவிட்டது.

1927ல் கதை நாடகமானது. லண்டன் மேடையில் கிளாடிஸ் கூப்பரும் நியூயார்க்கில் கேத்தரின் கார்னெலும் லெஸ்லியாக நடித்தார்கள். 1929ல் பாரமவுண்ட் அதைப் பேசும்படமாக எடுத்தது. இயக்குநர் ழான் தெ லிமூர், நாயகி ஜீன் ஈகிள்ஸ். ஒலிப்பதிவு அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தது. கேமரா பல இடங்களில் அசையாமல் நிற்கிறது, மேடை நாடகத்தைப் பார்ப்பதுபோலவே இருக்கிறது. ஆனால் ஈகிள்ஸ் பேசும்போது இந்தக் குறை மறந்துபோகும். சாட்சிக் கூண்டில் அவர் சொல்லும் பொய்யை, அது பொய் என்று தெரிந்தே நாம் நம்பத் தொடங்குகிறோம். முடிவில் லெஸ்லி கணவனை நேருக்கு நேர் பார்த்து, தான் கொன்ற மனிதனைத்தான் இன்றும் காதலிப்பதாகக் கத்துகிறாள். படம் அங்கே முடிகிறது. அவளுக்குச் சாவு இல்லை, மன்னிப்பும் இல்லை, வெறுத்த தோட்டத்திலேயே வெறுத்த கணவனோடு வாழ வேண்டியதுதான். அதே ஆண்டு அக்டோபரில் ஈகிள்ஸ் இறந்தார். இறந்த பிறகு ஆஸ்கர் பரிசீலனைக்கு வந்த முதல் நடிகை அவரே.

ஆசியர்களைக் காட்டும் விதத்தில் இந்தப் படம் மிக மோசம். கடிதத்தை மீட்க லெஸ்லி போகும் இடம் ஒரு விபசார விடுதி. அங்கே பாம்பும் கீரியும் சண்டையிடுவதைக் காட்டுகிறார்கள். சீனத் துணைவி லீ-டி அந்தக் கூடத்தின் தலைவி. கோலாலம்பூர் வழக்கில் அந்தச் சீனப் பெண் யாரையும் மிரட்டவில்லை, எந்தக் கடிதத்தையும் விற்கவில்லை. அவர் தன்னோடு வாழ்ந்த மனிதரை இழந்தவர், அவ்வளவுதான். திரை அவரை விடுதி நடத்துபவளாக்கியது. ஒரு பெண்ணின் பெயரைப் பற்றிய கதைக்குள்ளேயே இன்னொரு பெண்ணின் பெயர் இப்படிக் கெடுக்கப்பட்டதைப் பற்றித் திரை ஆய்வுகள் போதுமான அளவு பேசவில்லை.

1940 நவம்பரில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட இரண்டாவது படம்தான் இன்றும் பேசப்படுவது. வில்லியம் வைலர் இயக்கம், பெட்டி டேவிஸ் நாயகி, மாக்ஸ் ஸ்டைனர் இசை. 1929 படத்தில் கொலையுண்ட காதலனாக வந்த ஹெர்பர்ட் மார்ஷல் இதில் ஏமாற்றப்பட்ட கணவனாக வருகிறார். ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, ஒரு விருதும் கிடைக்கவில்லை.

இந்தப் படத்தின் தொடக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முழுநிலவு. ரப்பர் மரத்தின் வெட்டிலிருந்து பால் மங்கில் சொட்டுகிறது. கேமரா மெல்ல நகர்ந்து, கொட்டகையில் உறங்கும் தொழிலாளர்களைக் கடந்து பங்களாவை அடைகிறது. குண்டு வெடிக்கிறது, பறவை ஒன்று பதறிப் பறக்கிறது. ஒருவன் படிகளில் தடுமாறி விழ, லெஸ்லி நிதானமாக மீதிக் குண்டுகளையும் அவன் உடலில் இறக்குகிறாள். தொழிலாளர்கள் திடுக்கிட்டு எழுகிறார்கள். திரைப்பட வரலாற்றின் மிகச் சிறந்த தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

பால் மரத்தை அறிந்தவருக்கு அந்தக் காட்சியில் ஒன்று இடறும். இருட்டு விலகுவதற்கு முன்பே பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்கி மரம் வெட்டுவது தோட்ட வழக்கம். குளிர்ந்த விடியலில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற வெட்டு உறைந்துவிடும். முன்னிரவில் பால் சொட்டும் தோட்டம் ஸ்டூடியோவில்தான் இருக்க முடியும். அந்தப் பாலை யார் வெட்டினார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பது படத்தை எடுத்தவர்களுக்குத் தேவைப்படவில்லை. வெள்ளையாகச் சொட்டும் ஒரு திரவமும், இருட்டில் முகம் தெரியாத உடல்களும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. சிலாங்கூரில் அந்த முகம் தெரியாதவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெண்களும் ஆண்களுக்குச் சமமாக நிரையில் நின்றவர்கள். அந்தத் தொடக்கம் முடிந்த பிறகு படத்தின் இறுதிவரை அவர்களுக்கு வேலை இல்லை.

ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் அப்போது கடுமையாகியிருந்தன. திருமணமில்லாத கலப்பு உறவைக் காட்டக்கூடாது என்பதால் சீனத் துணைவி சட்டப்படி மணந்த யூரேசிய மனைவியானாள். அந்த வேடத்தில் வெள்ளைக்கார நடிகை கேல் சோண்டர்கார்ட் ஒப்பனையோடு வந்தார். கொலை செய்தவள் தண்டனையின்றித் தப்பக்கூடாது என்பதால் கடைசியில் அந்த மனைவியும் வேலைக்காரனும் சேர்ந்து தோட்டத்தில் லெஸ்லியைக் கத்தியால் குத்திக் கொல்கிறார்கள். உடனே காவலர்கள் வந்து அவர்களையும் பிடித்துக்கொள்கிறார்கள். வைலரின் கலைக்கு இந்த முடிவு பெருங்காயம். 1929ன் முடிவே நேர்மையானது.

ஆனாலும் மறக்க முடியாத ஒரு காட்சி இதில் இருக்கிறது. கடிதத்தை வாங்க லெஸ்லி நேரில் வர வேண்டும் என்பது விதவையின் நிபந்தனை. லெஸ்லி தலையில் வெள்ளைச் சரிகை முக்காட்டோடு வருகிறாள். முக்காட்டை எடுக்கச் சொல்கிறாள் விதவை. பிறகு கடிதத்தைத் தரையில் போடுகிறாள். லெஸ்லி குனிந்து எடுக்கிறாள். வசனம் மிகக் குறைவு. வெள்ளைக்காரப் பெண்ணின் நற்பெயர் ஆசியப் பெண்ணின் காலடியில் கிடக்கும் அந்த நிமிடத்தில், படம் தன்னை அறியாமலே உண்மையைத் தொட்டுவிடுகிறது. கணவனை இழந்தவள் அவள், நியாயம் அவள் பக்கம் இருக்கிறது, ஆனால் எந்த நீதிமன்றமும் அவளை அழைக்கவில்லை. படத்தின் உண்மையான துயர நாயகி சோண்டர்கார்ட் ஏற்ற பாத்திரம்தான் என்று நான் நினைக்கிறேன்.

மற்ற வடிவங்களை விரைவாகக் கடந்துவிடலாம். முதல் படத்தை பாரமவுண்ட் ஐரோப்பிய மொழிகளிலும் எடுத்தது. 1947ல் வந்த ‘தி அன்ஃபெயித்ஃபுல்’ படம் கதையை லாஸ் ஏஞ்சல்சுக்கு மாற்றி, கடிதத்துக்குப் பதில் ஒரு சிலையை வைத்தது. தொலைக்காட்சியில் பலமுறை வந்தது, 2009ல் ஓபராவாகவும் ஆனது. எழுத்தில் முக்கியமானவை இரண்டு. எரிக் லாலர் 1999ல் எழுதிய ‘மர்டர் ஆன் தி வெராண்டா’ வழக்கின் ஆவணங்களைக் கொண்டு அன்றைய ஆங்கிலேயர் வாழ்க்கையை விரிவாகச் சொல்கிறது. பினாங்கில் பிறந்த தான் துவான் எங்கின் ‘தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்’ நாவல் 2023ல் புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. மாமையும் எத்தெலையும் சன் யாட்-சென்னையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்த அந்த நாவல், எத்தெலை மறுபடியும் மனுஷியாகப் பார்க்கிறது. மலேசியர் ஒருவர் இந்தக் கதையைத் திரும்ப எடுத்துக்கொள்ள நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதே காலத்தில் தமிழ்த் திரையும் பெண்ணின் பெயரைத்தான் பேசிக்கொண்டிருந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகம் வழியாக, 1935ல் ராஜா சாண்டோ எடுத்த ‘மேனகா’வின் மையம் கணவனின் சந்தேகத்துக்கு ஆளாகும் மனைவி. அடுத்த ஆண்டு அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் நாயகன் கொலைப்பழிக்கு அஞ்சி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான், மனைவி ஊரில் தன் கற்பைக் காத்து நிற்கிறாள். எஸ்.எஸ். வாசனின் கதை அது. எம்.ஜி.ஆருக்கு முதல் படம். இரண்டு மரபுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகத் தெரிகிறது. தமிழ்ப் படத்தில் பெண் குற்றமற்றவள் என்று நமக்கு முதலிலேயே தெரியும், உலகம் அதை உணர்வதற்காகக் காத்திருக்கிறோம். ‘தி லெட்டர்’ குற்றமுள்ள பெண்ணை நடுவில் நிறுத்தி அவளோடு நம்மை இருக்கவைக்கிறது. பழிக்கு ஆளான பெண் உண்மையிலேயே ஆசைப்பட்டவளாக இருக்கலாம், அப்போதும் அவள் மனுஷிதான் என்று காட்டும் துணிவு அன்றைய நம் படங்களுக்கு இல்லை. அந்த அளவில் ஹாலிவுட் முன்னே நின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இரண்டு மரபிலும் தோட்டத்துப் பெண் இல்லை. ‘சதி லீலாவதி’யின் தோட்டம் ஆண் தண்டனை அனுபவிக்கும் இடம். ‘தி லெட்டர்’ காட்டும் தோட்டமோ வெள்ளைக்காரப் பெண் புழுங்கும் இடம்.

தோட்டத்துப் பெண்ணின் பெயர் எங்கே பதிவானது? துரைமார் எழுதிய குறிப்புகளில் அவள் ஒழுக்கமில்லாதவள். லயத்தில் நடந்த அடிதடிக்கும் தற்கொலைக்கும் வேலைப்பளு, கூலி, கங்காணியின் கொடுமை ஆகியவற்றைவிட, பெண் ஓடிப்போனதே காரணம் என்று எழுதி முடித்துவிடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. மணமான பெண்ணை ஆசைகாட்டி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கும் 498ஆம் பிரிவு தண்டனைச் சட்டத்தில் இருந்தது. இந்தப் பிரிவின் கீழ் வந்த வழக்குகளையும் பிற ஆவணங்களையும் அருணிமா தத்தா 2021ல் வெளியிட்ட ‘ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்’ நூலில் ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பெண்களை வெறும் பலியாட்களாகப் பார்க்க அவர் மறுக்கிறார். நெருக்கடியில் கிடைத்த சிறு சந்துகளையும் அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று காட்டுகிறார். இந்தத் துறையில் சமீபத்தில் வந்தவற்றுள் முதலில் படிக்க வேண்டியது இதுதான், தமிழிலும் வர வேண்டியது. அந்த 498ஆம் பிரிவைப் பெண்ணைக் கணவனின் உடைமையாகக் கருதும் பாகுபாடு என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் செல்லாததாக்கியது 2023 டிசம்பரில்தான்.

கிள்ளானுக்கு வருவோம். பெட்டி டேவிஸின் படம் வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1941ன் முதற்பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, முறையான மருத்துவம், கள்ளுக்கடை மூடல், துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்ற உரிமை ஆகியவை கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: வெள்ளைத் துரைமாரும், தோட்டத்தில் துரைகளைப்போல நடந்துகொண்ட கறுப்பு அதிகாரிகளும் எங்கள் பெண்களைத் தொல்லைப்படுத்துவதை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அந்த ஒரு வரிக் கோரிக்கையை நான் எத்தெல் வழக்கோடு சேர்த்தே படிக்கிறேன். 1911ல் ஒரு பெண், தன்னிடம் அத்துமீறினான் என்று ஒருவனைச் சுட்டார். அதற்காக ஒரு நகரமே மனு எழுதியது. முப்பது ஆண்டு கழித்து ஆயிரக்கணக்கான பெண்களுக்காக, எவரையும் சுடாமல், அத்துமீறாதீர்கள் என்று தாளில் எழுதிக் கேட்டார்கள். கேட்டவர்கள்மீது துப்பாக்கி திரும்பியது. முதலாவதற்கு ஒரு கதையும், நாடகமும், பல படங்களும், ஓபராவும் உண்டு. இரண்டாவது வரலாற்று நூல்களில் ஒரு பட்டியலின் நடுவில் கிடக்கிறது. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தியின் வாக்குமூலத்தைக்கூட நம் திரை இதுவரை காட்டவில்லை.

எழுத்தில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மலேசியா வந்து பார்த்துவிட்டு அகிலன் எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ தோட்ட வாழ்க்கையைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அ. ரெங்கசாமி போன்ற நம் நாவலாசிரியர்கள் அதைவிட நெருக்கத்திலிருந்து எழுதினார்கள். திரையில், தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005லேயே ஒரு தோட்டத்துப் பெண்ணின் கனவை நடுவில் வைத்தது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட தலைமுறையை எடுத்து, மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. திறமையும் ரசிகர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு இவையே சான்று.

எனவே கிள்ளான் பள்ளத்தாக்கின் இளம் இயக்குநர்களிடமும் ஆய்வு மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 1941 வேலைநிறுத்தத்தின் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடிப் படியுங்கள். கிள்ளான், பந்திங், காப்பார் பக்கத் தோட்டங்களில் வாழ்ந்து, இன்று அடுக்குமாடிகளில் இருக்கும் மூதாட்டிகள் பலர் தங்கள் அம்மாவும் பாட்டியும் சொன்னதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பேசும் நிலையில் இருக்கும்போதே போய்ப் பதிவு செய்யுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வெளியிடாதீர்கள். சொல்வதை மட்டும் முழுதாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.